அவள் கேட்ட பாஸ்வேர்டு

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், ஓடு வேய்ந்த ஒரு பழைய வீட்டின் முன்னறையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருப்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, ஃப்ரேசர் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, கன்னிங்ஹாம் ரோட்டில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸில் எல்லா மெஷினிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ்தான். லினக்ஸில் 'ரூட்' என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குள் போனால் எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம், யார் எதைத் தொடலாம் தொடக்கூடாது என்று தீர்மானிக்கலாம். மற்றவர்களெல்லாம் ரூட் விட்ட அளவுக்குத்தான். அந்தப் பாஸ்வேர்டு ஆபீஸில் மூன்று பேருக்குத் தெரியும். அந்த மூவரில் நான் ஒருத்திதான் பெண். இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்த நினைப்போடுதான் படியேறுவேன், படியிறங்குவேன்.

சனிக்கிழமைகளில் லினக்ஸ் பிடித்தவர்கள் சிலர் ஓரிடத்தில் கூடிப் பேசுவோம். அங்கேதான் ஒருவர் சொன்னார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெண், கண் தெரியாது, டைப்பிங் பிரமாதமாகத் தெரியும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாள். அதற்கான விண்டோஸ் மென்பொருள் எட்டாத விலை. லினக்ஸில் இலவசமாக ஒன்று இருக்கிறதாமே, யாராவது போட்டுக் கொடுக்க முடியுமா?

நான் கையைத் தூக்கினேன்.

அவள் என் வயதுதான். காய்ச்சலில் பத்தொன்பதாவது வயதில் பார்வை போனதாம். அம்மா அப்பா இல்லை. பள்ளிக்கூட டீச்சரான அக்காவோடு இருந்தாள். ஆபீஸில் கழித்துப் போட்ட மெஷின் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றி, ரூட்டுக்கு நானே ஒரு பாஸ்வேர்டு வைத்து, பேசும் நிரலையும் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அது இங்கிலீஷ் மட்டும்தான் பேசும். முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"சளி புடிச்ச துரை ஒருத்தர உள்ள உக்கார வச்சிட்டியே" என்றாள். அன்றைக்கே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

போன் லைனோடு மோடத்தை இணைத்து இன்டர்நெட்டும் வைத்தேன். அந்தக் காலத்தில் மோடம் நம்பரைச் சுழற்றி, கீச்சென்று கத்தி, இரைந்து, பிறகு அடங்கும். எங்களுக்கெல்லாம் அது காதை அடைக்கும் சத்தம். அவளுக்கு அப்படியில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். "முதல்ல தகரத்து மேல மழை. அப்புறம் யாரோ ரேடியோவத் திருகறாங்க. அப்புறம் ஒரு பெரிய ஹால் கதவத் தொறந்த மாதிரி ஆயிடுது பாரு" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் கடைசியில் வரும் அந்த அகலமான இரைச்சல் என் காதிலும் விழுந்தது.

இங்கேதான் என் தவறு ஆரம்பிக்கிறது. லினக்ஸில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் மோடத்தைத் தொட்டுவிட முடியாது. இணைப்பைப் போடுவதும் துண்டிப்பதும் ரூட்டின் வேலை. ஆனால் அதற்கு வழி இருந்தது. இணைப்புப் போட அனுமதி உள்ளவர்கள் என்று ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் அவள் பெயரைச் சேர்த்தால் போதும். பத்து நிமிஷ வேலை. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் நாளே அவள் கேட்டாள். "இத நானே போட்டுக்க முடியாதா?"

"செக்யூரிட்டிப்பா. ஏதாவது மாறிப்போச்சுன்னா மெஷினே எழுந்திருக்காது. நான்தான் டெய்லி வந்துடுவேனே" என்றேன்.

சொன்னது முழுப் பொய்யுமில்லை. மாறினால் கெட்டுப்போகும் விஷயங்கள் உண்டு. ஆனால் இது அதில் சேர்த்தி இல்லை. உள்ளபடி சொன்னால், சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது உள்ளேயிருந்து "வந்துட்டியா" என்று ஒரு குரல் எனக்காகக் காத்திருப்பது பிடித்திருந்தது. விடுதி அறையில் எனக்காகக் காத்திருக்க யாருமில்லை.

மார்ச்சில் தொடங்கி ஜூன் வரைக்கும் அந்தச் சாயங்காலங்கள் இப்போது நினைத்தால் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாயங்காலமாகத் தெரிகின்றன. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். அதன் இலைகள் மூடிக்கொள்ளும் நேரம். சர்ச் மணி எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். அக்கா உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் ஒரு பொத்தானை அழுத்தி மெஷினின் பேச்சை நிறுத்துவேன். நான் அடிக்கும் எழுத்துகளை அது உரக்கச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பிறகு பாஸ்வேர்டை அடித்து, இணைப்பைப் போட்டு, பேச்சைத் திருப்பிவிட்டு எழுந்துகொள்வேன். அவள் வந்து உட்காருவாள்.

என்னவெல்லாமோ கேட்பாள். செய்தித்தாள், சமையல் குறிப்பு, எங்கோ வடக்கே ஒரு கடலின் வானிலை அறிக்கை. அலை இத்தனை அடி, காற்று இந்தத் திசை, மூடுபனி என்று துரை மூக்கடைத்த குரலில் வாசித்துக்கொண்டே போவார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அங்க போட்ல இருக்கறவனுக்கும் ஒண்ணும் தெரியாது இல்ல, பனியில? அவனும் இதக் கேட்டுத்தான் போவான்" என்றாள் ஒருநாள். நானும் அவளும் வெகுநேரம் அந்தக் கடலிலேயே இருந்தோம். வாசலில் பூக்காரி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

மே மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு வழி திறந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் கம்பெனிகள் அப்போது பெங்களூரில் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் தேடியது. மூன்று தேர்வு. பேச்சுப் பதிவை இன்டர்நெட்டில் வைப்பார்கள். இறக்கி, கேட்டு, டைப் செய்து, குறித்த நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் இரண்டும் சாயங்காலத் தேர்வுகள். நான் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன், அவள் அனாயாசமாக முடித்தாள். அவள் விரல்களின் வேகத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஹெட்போனில் டாக்டர் பேசி முடிப்பதற்கும் அவள் அடித்து முடிப்பதற்கும் இடைவெளியே இல்லை. மூன்றாவது தேர்வு ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள். "ஹாஃப் டே லீவு போட்டுட்டு ஒன்றரைக்கெல்லாம் வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் நின்றுவிட்டது. என்னைத்தான் அனுப்பினார்கள். பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம் என்று, ஸ்கூட்டிக்கு அது அதிக தூரம் என்பதால் பஸ்ஸில் போனேன். முடியவில்லை. இரண்டேகாலுக்கு அங்கே ரிசப்ஷனில் இருந்த போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். அப்போது என்னிடம் செல்போன் கிடையாது.

"இன்னும் ஒரு மணி நேரம்ப்பா. மூணே காலுக்குக் கிளம்பினா நாலரைக்கு அங்க இருப்பேன். உனக்கு ஒன்றரை மணி நேரம் போதும்ல?"

"போதும்" என்றாள். "ஒண்ணு கேக்கட்டா? பாஸ்வேர்ட மட்டும் சொல்லிடேன். நானே போட்டுக்கறேன்."

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"போன்ல வேணாம்ப்பா. பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க" என்றேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. ரிசப்ஷன் பெண் தள்ளி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. ஜாக்கிரதையா வா" என்று அவள் வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து கிளம்ப மூன்றே முக்கால் ஆனது. சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறினேன். பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. ரோட்டில் தண்ணீர் ஏறி, நடைபாதை எது சாலை எது என்று தெரியவில்லை. பஸ்ஸின் கண்ணாடியில் உள்பக்கம் மூச்சுப் புகை, வெளிப்பக்கம் மழை. முன்னால் நின்ற வண்டிகளின் சிவப்பு விளக்குகள் அதில் கரைந்து வழிந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டார் டிரைவர். கூரையில் மழைச் சத்தம் மட்டும். எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல ஒரு மிதப்பு. நேரம் போகவேயில்லை என்றும் தோன்றியது, போய்விட்டது என்றும் தோன்றியது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மாவின் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, கையை என் பக்கமாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கி எங்காவது ஒரு பூத்திலிருந்து கூப்பிட்டுப் பாஸ்வேர்டைச் சொல்லிவிடலாம் என்று ஐந்து மணிவாக்கில் தோன்றியது. கண்டக்டரிடம் கதவைத் திறக்கச் சொன்னேன். "எல்லி இளியோது மேடம், நீரு நோடி" என்றார். எங்கே இறங்குவது, தண்ணீரைப் பாருங்கள் என்று. முழங்கால் அளவுக்குப் பழுப்பாக ஓடியது. இறங்கியிருக்கலாம். நனைந்துகொண்டு நடந்து ஒரு கடையைக் கண்டுபிடித்திருக்கலாம். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வந்து சேர்ந்தபோது ஆறே முக்கால். மழை விட்டு, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. முன்னறையில் அவள் மெஷின் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. விசைப்பலகைமேல் கையில்லை. கையை மடியில் வைத்திருந்தாள்.

"நனைஞ்சிட்டியா? துண்டு எடுத்துக்கோ" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமாக இணைப்பைப் போட்டேன். தேர்வுப் பக்கம் வந்தது. நேரம் முடிந்துவிட்டது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று துரை படித்தார். மறுபடி படிக்கவைத்தேன். அதையேதான் படித்தார்.

"நான் அவங்களுக்கு எழுதறேன். என் மேலதான் தப்புன்னு எழுதறேன்" என்று உளறிக்கொண்டே போனேன். உள்ளேயிருந்து அக்கா வந்து கதவுப் பக்கத்தில் நின்றாள். அவள் கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நீ மழைல மாட்டிக்கிட்டே, அது உன் தப்பில்லம்மா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இவளுக்கு உன் பாஸ்வேர்டு தெரியும். ஏப்ரல்லேருந்தே தெரியும். ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்ததுலேருந்து போடு போடுன்னு அடிச்சுக்கறேன். கேக்கவே மாட்டேன்னுட்டா."

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும்?

தங்கைக்குச் சொல்ல விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்காதான் "சொல்லு" என்றாள்.

"நீ டைப் பண்ணும்போது வாய்க்குள்ளயே சொல்லிப்பே" என்றாள் அவள். "துரையோட வாய மூடிட்டு நீ சொல்லிட்டிருப்பே. முதல்ல உங்க ஊர் பேரு. அப்புறம் நாலு நம்பரு. நம்பர் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமா சொல்லுவே."

சின்ன வயதிலிருந்து வாய்விட்டுப் படித்தே வளர்ந்தவள் நான். முணுமுணுக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. என் காது மடல்கள் சுட்டன. மூன்று மாதம், ஒவ்வொரு சாயங்காலமும், நான் பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுகிறவளைப் போல மெஷினை அடக்கிவிட்டு, அவள் காதருகே அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்புறம் ஏன் போடல?" என்று கேட்டேன்.

"போன்ல கேட்டேனே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, என்னைத் தேற்றுவதுபோலத் தொடர்ந்தாள். "என் லெட்டர்லாம் வேற யாராவதுதான் படிச்சுச் சொல்லணும். பேங்க்லேருந்து வந்தாலும் சரி, ஆஸ்பத்திரிலேருந்து வந்தாலும் சரி. எனக்கு முன்னாடி இன்னொருத்தருக்குத் தெரியும். சில பேரு தெரிஞ்சுக்கிட்டு அப்படியே விட்டுடுவாங்க. சில பேரு விடமாட்டாங்க, என்னைக் கேக்காமயே அத உபயோகிச்சுப்பாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. அத நான் உனக்குப் பண்ணமாட்டேன். நீ குடுத்திருந்தா போட்டிருப்பேன்."

அவள் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அழுதேன். அக்கா உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து, என் கையில் டம்ளரை வைத்துவிட்டு, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அனுமதி உள்ளவர்களின் குழுவில் அவள் பெயரைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது பலிக்கும். "வெளிய போய்ட்டு வா" என்றேன். அவள் வெளியேறி, தன் பெயரில் திரும்ப உள்ளே வந்து, நான் சொன்ன கட்டளையை அடித்தாள்.

மோடம் நம்பரைச் சுழற்றியது. கீச்சிட்டது. இரைந்தது. அகன்றது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி துண்டித்தாள். மூன்றாவது முறை போட்டபோது அக்காவும் ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள்.

அதோடு விடவில்லை நான். "ரூட் பாஸ்வேர்டையும் நீயே மாத்திக்கோ. இது உன் மெஷின்" என்றேன்.

"எனக்கு எதுக்கு? இது போதும்ப்பா."

"எனக்காக மாத்து."

பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன். இருட்டத் தொடங்கியிருந்தது. ஈர மண் வாசனை. தெருவிளக்கைச் சுற்றி ஈசல்கள். உள்ளே விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று எண்ணக் கூடாது என்பதற்காக, எதிர்வீட்டு கேட்டில் இருந்த கம்பிகளை எண்ணினேன். அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன். அந்தப் பாஸ்வேர்டு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்பெனிக்கு நான் எழுதுகிறேன் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தானே எழுதினாள். பதிலே வரவில்லை. அந்த வேலை போனது போனதுதான். ஆனால் அதற்குப் பிறகு பகலெல்லாம் அவளே இணைப்பைப் போட்டுக்கொண்டு தேடினாள். எங்கெங்கோ எழுதினாள். ஆகஸ்டில் ஒருநாள் ஆபீஸில் என் மெயில் பெட்டியில் அவளிடமிருந்து ஒரு வரி இருந்தது. ஜெயநகரில் ஒரு சின்ன கம்பெனி எடுத்துக்கொண்டது, திங்கட்கிழமையிலிருந்து வேலை, ஆறு மணிக்கு வா, அக்கா பாயசம் வைக்கிறாள். அங்கே அவள் ஏழு வருடம் வேலை செய்தாள். கடைசி மூன்று வருடம் மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு அவளுடையது.

நான் சாயங்காலம் போவதை நிறுத்தவில்லை. இணைப்புப் போட யாரும் தேவைப்படாத வீட்டுக்கு, காரணமே இல்லாமல் போனேன். "வந்துட்டியா" என்ற குரல் முன்போலவே வந்தது. அது பாஸ்வேர்டுக்காக வந்த குரல் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெஷினில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அவள் பாஸ்வேர்டை அடிப்பாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறேன். யாருக்கு எதைத் திறந்துவிடுவது என்று கேட்டு தினமும் பத்துப் பதினைந்து வேண்டுகோள்கள் என் மேஜைக்கு வருகின்றன. மறுக்க வேண்டியதை மறுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை 'இல்லை' என்று எழுதுவதற்கு முன்பும், இது மெஷினைக் காப்பதற்கா, அல்லது என்னைத் தேடி ஒருவர் வரவேண்டும் என்பதற்கா என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்கிறேன். கதவைத் திறக்கும் வழி தெரிந்திருந்தும், நான் சொல்லட்டும் என்று நாலு மணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளிடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பேனா என்ற கேள்விக்கு மட்டும், இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் துணிந்து பதில் சொல்லத் தெரியவில்லை.